கடைசி ஆளின் சீட்டு

ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குகிறவள் என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் மறுப்பதில்லை. மழை பிடித்த பின்னேரங்களில் (வட்டவளையில் மழை பிடிக்காத பின்னேரம் எது?) பிளேன்டீயோடு வாசலில் உட்கார்ந்தால் மனசு நேரே அந்த வாட்டுக்குத்தான் ஓடுகிறது. பச்சை பெயிண்ட் அடித்த சுவர், டெட்டோல் வாடை, ஜன்னலுக்கு வெளியே ஒரு சைப்பிரஸ் மரம், அடுத்த கட்டிலில் பரீதா ராத்தா. நோயாளியாய்க் கிடந்த இடத்தை இப்படி ஆசையாக நினைப்பது சரியா தப்பா தெரியவில்லை. அங்கே சிரித்த மாதிரி நான் வேறெங்கும் சிரித்ததில்லை. அழுததும் அங்கேதான்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. மலைப்பக்கத்தில் இருக்கிற ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே நடந்த கலவரத்தில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அந்தக் கலவரத்துக்கு நடுவில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள். என் கதையையும் கேட்டு வையுங்கள்.

எனக்கு வேலை தோட்டத்து ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூள் சலிக்கிற பகுதியில் கலியாணத்துக்கு முன்பிருந்தே நின்றவள். இருமல் வந்தபோது குளிர் என்றார்கள். குளிர் போன பிறகும் இருமல் போகவில்லை. ஸ்டோருக்குப் போகிற ஏற்றத்தில் பாதியில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பவள் மாதிரி பின்னால் திரும்பிப் பார்ப்பேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வெட்கம். பிறகு லயத்தில் பேச்சுக் கிளம்பியது, டீ.பி.யாக இருக்குமோ என்று. பக்கத்துக் காம்பரா (லயத்து அறையை அப்படித்தான் சொல்வோம்) லெச்சுமி மட்டும்தான் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சளியைச் சோதித்துப் பார்த்து டீ.பி. இல்லை என்று சொன்ன அன்றைக்கு, என்ன நோய் என்று தெரியாமலே நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், ஊதுகிற சோதனை. ஸ்கேனுக்கு ஒன்றும் பயமில்லை, ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து வெளியே எடுப்பார்கள். ஊதுகிற சோதனைதான் வேடிக்கை. மூக்கைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு, அட்டைக் குழாய் ஒன்றை வாயில் வைத்து, நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஊதச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிற சிங்கள நர்ஸ் மிஸ் நம்மைவிடப் பலமாகக் கத்துவார்: “பிம்பின்ன! பிம்பின்ன! தவ டிக்கக், தவ டிக்கக்!” ஊது, ஊது, இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அவர் கத்துகிற கத்தில் சிரிப்பு வந்து, இரண்டு தரம் குழாயை விட்டுவிட்டேன்.

முடிவைச் சொன்ன பெரிய டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டையும் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டையும் வைத்து விளக்கினார். நல்ல நுரையீரல் பஞ்சு மாதிரி, அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரியும். என்னுடையதில் காயம் ஆறின இடத்தில் வருகிற தழும்பு மாதிரித் தழும்பு விழுந்து, இடையிடையே ரொட்டியாகக் காய்ந்து போயிருக்கிறதாம். காய்ந்தது மறுபடி பஞ்சாகாது. மிச்சத்தைக் காய விடாமல் பார்க்கலாம், அதற்கும் நிச்சயமான மருந்து கையில் இல்லை என்றார். தேயிலைத் தூளால் வந்ததா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொட்டி சுடவே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் முத்தையா. தோட்டத்தில் எல்லோருக்கும் தலைவர். தொழிலாளர் கமிட்டிக்கு இவர்தான் தலைவர், துரையிடம் பேசப் போகிறதென்றால் இவர்தான் முன்னால் நிற்பார். பேச்சு வாங்கவும் கொடுக்கவும் அஞ்சாத ஆள். அப்படிப்பட்டவர் டொக்டர் முன்னால் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, “இவளுக்கு ஏதாச்சும் செய்யுங்க சேர், நான் என்ன வேணும்னாலும் செய்றேன்” என்று நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் நோயைவிட அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

வாட்டில் என்னைச் சேர்த்த அன்றே அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. “தங்கச்சி, அந்தத் தேத்தண்ணியக் குடிச்சிராதீங்க. அது தேயில இல்ல, தேயில கழுவின தண்ணி.”

அதுதான் பரீதா ராத்தா. அக்கரப்பத்தனை பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கிற நானாவின் மனைவி. முஸ்லிம் சனங்கள் அண்ணனை நானா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருக்கும் எனக்கு வந்ததே வந்திருந்தது, என்னைவிடக் கொஞ்சம் முற்றிய நிலை. ஸ்டோர் வாசலையே மிதிக்காதவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். “நீங்க தேயிலத் தூள மூச்சா எடுத்தீங்க, நான் மொளகாத் தூள எடுத்தேன். ஆக மொத்தம் ரெண்டு பேரும் தூள்தான்” என்றார்.

காலையில் எங்கள் இரண்டு பேரையும் நீள வராந்தாவில் நடக்க விடுவார்கள். விரலில் கிளிப் மாட்டி, நடக்க நடக்க இரத்தத்தில் காற்று எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிற சோதனை. ராத்தா மூச்சு முட்டுகிறதென்று சொல்லி நிற்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய், “எவ்வளவு அழகான பூ பாருங்க” என்பார். அங்கே ஒரு பூவும் இருக்காது, ஆஸ்பத்திரித் துணி காயும். நானும் போய்ப் பக்கத்தில் நின்று, ஆமாம் ராத்தா, வெள்ளைப் பூ என்பேன். ஏற்றத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தவளுக்கு இன்னொரு கள்ளியை அடையாளம் தெரியாதா?

வீட்டுச் சாப்பாடு வருகிற நேரம் எங்களுக்குத் திருவிழா. நானா கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார், மீன் வைத்த மாலுபானும் இஞ்சி போட்ட தேத்தண்ணி பிளாஸ்க்கும் இருக்கும். மனுஷன் அதிகம் பேச மாட்டார். ராத்தாவின் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலேயே காலைப் பிடித்துவிடுவார். எங்கள் வீட்டுக்காரர் வந்தால் வாட்டே கலகலக்கும். பருப்பும் நெத்தலியும் இவரே சமைத்துக்கொண்டு வருவார். உப்பு சில நாள் இருக்காது, சில நாள் இரண்டு தரம் விழுந்திருக்கும். “தலைவர் சமச்சா யாரும் குத்தம் சொல்லக் கூடாது, ஸ்ட்ரைக் பண்ணிருவாரு” என்று ராத்தா கேலி செய்தபடி நாலு வாய் வாங்கிச் சாப்பிடுவார்.

இந்த நேரத்தில்தான் டொக்டர் யாழினி வந்தார். சின்ன வயசு, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆராய்ச்சி செய்கிற குழுவிலிருந்து வந்திருந்தார். எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

“இது புது மருந்து. புகை மாதிரி மெசினால இழுக்க வேணும். வேலை செய்யுமோ இல்லையோ எண்டு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணி. ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்கிற மாதிரித்தான் அம்மா.”

மாதா மாதம் கொஞ்சம் இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்குச் சோதிக்க அனுப்புவோம் என்றும், விருப்பமில்லாவிட்டால் எப்போதும் விலகலாம் என்றும் சொன்னார். அதெல்லாம் என் காதில் பாதிதான் விழுந்தது. சீட்டு என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் லயத்தில் சீட்டுப் பிடிக்கிறவள் நான்தான் (நான் வாட்டில் கிடந்த காலத்தில் எனக்காக லெச்சுமி பார்த்துக்கொண்டாள்). தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொம்பளைகள் நாங்கள் மாதா மாதம் ஆளுக்கு ஒரே தொகை போடுவோம். பெயர்களைத் துண்டில் எழுதிச் சுருட்டிக் குலுக்கி ஒன்றை எடுப்போம். வந்த பெயருக்கு மொத்தமும். வந்த துண்டைத் திரும்பப் போட மாட்டோம். முதலில் வந்தவளுக்கு அதிர்ஷ்டம், கடைசியில் வருகிறவளுக்குப் பொறுமை. ஆனால் வராமல் போகிறவள் என்று ஒருத்தியும் கிடையாது.

ஆகவே டொக்டர் போன பிறகு வாட்டுக்கே நான் விளக்கம் சொன்னேன். “பயப்படாதீங்க. இந்த மொற தண்ணி விழுந்தா அடுத்த மொற மருந்து விழும். எல்லாருக்கும் வந்துதானே ஆகணும்.” தலையாட்டாத ஆளில்லை. ராத்தா மட்டும் வேறு கேள்வி கேட்டார். “ஒங்க லயத்துச் சீட்டுல வட்டி உண்டா?”

“இல்ல ராத்தா, குலுக்கல் மட்டுந்தான்.”

“அப்ப என் பேரையும் ஒன்னு போடுங்க. நானாவுக்குச் சொல்லாதீங்க. சுகமாகி வீட்டுக்குப் போனதும் அவருக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட் எடுத்துக் குடுக்கணும். கடையில நின்னே குளிரில வெறைக்கிறாரு மனுசன்.”

மெஷின் புகையை நாங்கள் இழுக்கத் தொடங்கினோம். எல்லார் போத்தலும் ஒரே மாதிரி, எல்லாம் ஒரே கசப்பு. வித்தியாசம் தெரியாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். கொஞ்ச நாளிலேயே எனக்கு நெஞ்சு லேசானது போலிருந்தது. சளி இளகி வந்தது, வராந்தாவில் ஒரு நடை கூட நடந்தேன். எனக்கு மருந்துதான் விழுந்திருக்கிறது என்று சத்தியம் பண்ணாத குறை.  ராத்தா ஜன்னலில் பூப் பார்க்கிறதும் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனித்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் டொக்டர் யாழினியை வராந்தாவில் மறித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“டொக்டர், இவளுக்கு இப்ப தண்ணி விழுந்திருந்தா, மருந்து மொற எப்ப வரும்?”

“முறையோ? முறை எண்டு ஒண்டும் இல்லை ஐயா. ஒருக்காத் தண்ணி எண்டு விழுந்தா முடியும் மட்டும் தண்ணிதான். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்கலாம்.”

“முடிஞ்ச பொறகு?”

“முடிஞ்ச பிறகு ஆராய்ச்சி முடிஞ்சுது.”

இவர் முகம் மாறியது. “கடைசி ஆளுக்குக் காசு வராத சீட்டு எந்த ஊர்ல இருக்கு டொக்டர்? எங்க ஊர்ல அப்படிச் சீட்டுப் பிடிச்சா அவன வெரட்டி வெரட்டி அடிப்போம்.”

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டு என்று தான்தான் சொன்னோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். இவர் உதறிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இவர் பேசியிருக்கிறார். லெச்சுமிதான் வந்து சொன்னாள். நம்ம பொம்பளைகளுக்கு வெறும் தண்ணியைக் கொடுத்து வேடிக்கை பார்க்கிறார்கள், யார் சாகிறது யார் பிழைக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள், நம்ம இரத்தம் கப்பல் ஏறுகிறது என்று பேசினாராம். இவர் சொன்னது அவ்வளவுதான். வாய் மாறி வாய் மாறிப் பேச்சு வளர்ந்தது. கிட்னி எடுக்கிறார்கள் என்று ஒரு தோட்டத்தில். புகையை இழுத்தால் பிள்ளை தங்காது என்று இன்னொரு தோட்டத்தில். அந்தக் காலத்தில் விளக்கம் சொல்லாமல் பொம்பளைகளுக்குப் பிள்ளை பெறாத ஆபரேசன் செய்ததை மறக்காத சனம் இது. அன்றைக்கும் இப்படித்தான் சிரித்துச் சிரித்துக் கைநாட்டு வாங்கினார்கள் என்று வயசானவர்கள் சொன்னபோது யாரால் மறுத்துப் பேச முடியும்? அந்தப் பயத்தை நான் சிரிப்பாக எழுத மாட்டேன்.

ஆனால் பயத்துக்கு எல்லை தெரியாது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்த மிட்வைஃப் மிஸ்ஸை லயத்துக்குள் விடவில்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குக் கிளினிக் போகிறவர்கள் இரத்தம் கொடுக்க மாட்டோம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பெரிய கூட்டம். பல தோட்டங்களிலிருந்து லொறியில் வந்திருந்தார்கள். “நாங்க எலி இல்ல! எங்க ரத்தத்தக் குடு!” என்று கோஷம். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வீட்டுக்காரர் குரல். வாட்டு ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். எனக்காகத்தான் கத்துகிறார் என்று தெரியும். பெருமையாகவும் இருந்தது, எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. மறு அறிவித்தல் வரும்வரை என்றார்கள். மெஷின்களை வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனபோது டொக்டர் யாழினி எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு அன்றைக்கே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. பயத்தில்தான் என்று இப்போது தெரியும். ராத்தாவுக்கு ஒரு நாளில் ஒன்றும் ஆகவில்லை. மெல்ல மெல்லத்தான். முதலில் ஜன்னல் பூ திரும்பி வந்தது. பிறகு வராந்தாவுக்கு வருவது நின்றது. பிறகு மூக்கில் குழாய் நிரந்தரமானது. இரவில் அவர் இருமுகிறது கேட்டால் நான் தூங்குவது போலக் கிடப்பேன், நான் விழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் சத்தம் வராமல் அடக்கப் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்காரர் வழமைபோல் பருப்போடு வந்த ஒரு நாள், ராத்தா அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க கேட்டது ஞாயம். கடைசி ஆளுக்கும் கெடைக்கணும்னு கேட்டீங்க. நான் வேற மாதிரியா கேப்பேன்?” மூச்சு எடுக்க நிறுத்தினார். “ஆனா ஒன்னு சொல்றேன், ஏவாரக் குடும்பத்துக்காரி. வெல பேசுறதுன்னா கடையத் தொறந்து வச்சிக்கிட்டுத்தான் பேசணும். நீங்க கடையப் பூட்ட வச்சிட்டு வெல பேசுறீங்க. பூட்டின கடையில யாருக்குத் தம்பி சாமான் கெடைக்கும்?”

 எங்கள் வீட்டுக்காரர் பருப்புச் சட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு இவர் ஓடின ஓட்டத்தைச் சொல்லி முடியாது. கூட்டிய கூட்டத்தைக் கலைக்கிறது கூட்டுகிறதைவிடக் கஷ்டம். விலை போய்விட்டார், மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டார் என்று சொந்தத் தோட்டத்திலேயே பேசினார்கள். தன் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்க மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஊசி போட வைத்தார். கடைசியில் ஆஸ்பத்திரி மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம், தோட்டத்துச் சனங்கள் ஒரு பக்கம், நடுவில் டொக்டர் யாழினி. நானும் சக்கர நாற்காலியில் போயிருந்தேன்.

அந்தப் பிள்ளை எழுந்து முதல் வார்த்தையாகச் சொன்னார். “சீட்டு எண்டு நான் சொன்னது பிழை. அது சீட்டில்லை. உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன், பிழையா விளங்கிற மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

இவர் எழுந்தார். “இல்ல டொக்டர், சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இத சீட்டாவே ஆக்கிருங்க. யாருக்குத் தண்ணி, யாருக்கு மருந்துன்னு இப்ப நாங்க கேக்கல. முடியட்டும். மருந்து நல்லதுன்னு தெரிஞ்சா, தண்ணி விழுந்த ஆளுக்கும் மருந்து வரணும். அத எங்க தமிழ்ல எழுதி, படிக்கத் தெரியாத ஆளுக்கு வாசிச்சுக் காட்டணும். அவ்வளவுதான்.”

பெரிய டொக்டர்மார் தங்களுக்குள் வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆனது. வந்த பதில் சரி என்று வந்தது. இந்தச் சண்டை போடாவிட்டால் அந்தச் சரி கிடைத்திருக்காது என்று டொக்டர் யாழினியே பிறகு என்னிடம் சொன்னார். அதை நான் மறைக்கக் கூடாது.

மெஷின்களின் மேலிருந்த துணியை எடுத்தபோது அடுத்த கட்டிலில் வேறொரு அம்மா இருந்தார். ராத்தாவை அதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ஒட்சிசன் சிலிண்டரோடு. போகிற அன்று வேனில் ஏற்றுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சீட்டுல என் பேர் இன்னும் வரலதானே?” என்று கேட்டார். இல்லை ராத்தா என்றேன். “வரட்டும், வரட்டும். அவசரமில்ல” என்று சிரித்தார். குளிர் கூடின மாதத்தில் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மிஸ் வந்து அணைத்துப் பிடிக்கிற வரைக்கும் சத்தம் போட்டு அழுதேன். அந்த அழுகைக்கு எனக்கு மூச்சு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, சீட்டில் ராத்தாவின் பெயரை எடுத்துவிடலாமா என்று லெச்சுமி கேட்டாள். இவர் திண்ணமாகச் சொன்னார்: “அந்தப் பேர வெட்டக் கூடாது.” தோட்டத்தில் பெயர் வெட்டுகிறது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வேலையும் காம்பராவும் போய்விடும், ஆள் இல்லாத மாதிரி ஆகிவிடும். ராத்தாவின் மாதப் பங்கை இவரே போட்டு வந்தார். 

மாதா மாதம் குலுக்கினோம். ராத்தா பெயர் வரவே இல்லை. எல்லோருக்கும் வந்து, கடைசி மாதம் டப்பாவில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அதைக் குலுக்க வேண்டியதில்லை. பிரிக்கவும் வேண்டியதில்லை. நான் பிரித்தேன், அவர் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஆராய்ச்சியும் அந்த நேரத்தில்தான் முடிந்தது. டொக்டர் யாழினி கிளினிக்கில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மருந்து நோயை மாற்றவில்லை, ஆனால் காய்வதைத் தாமதப்படுத்துகிறது என்று தெரிகிறதாம். எனக்கு முழுக்க முழுக்க உப்புத் தண்ணீர்தான் கிடைத்திருக்கிறது. நான் சத்தியம் செய்த நெஞ்சு லேசு, நடந்த அந்த ஒரு நடை, எல்லாம் உப்பும் நம்பிக்கையும். எனக்குச் சிரிப்பு வந்தது. இனி எனக்கு உண்மையான மருந்து. ராத்தாவுக்கு எது கிடைத்தது என்று கேட்டேன். அவருடைய வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொல்லலாம் என்றார்.

சீட்டுப் பணத்தை யார் கொண்டுபோகிறதென்ற பேச்சு வந்தபோது, “நானே போறேன்” என்றார் இவர். ராத்தா போன பிறகு அக்கரப்பத்தனை பக்கம் இவர் கால் வைத்ததே இல்லை. கமிட்டி வேலை இருந்தாலும் வேறு ஆளை அனுப்புவார். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் இவர் சட்டைப் பையிலிருந்த உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானா மத்தியான லுகர் தொழுகைக்குப் போகக் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் இழுத்த கை நின்றது. தோளில் ஒரு பழைய சால்வை, கம்பளிக் கோட் இல்லை.

இவர் வாசலிலேயே நின்று உறையை நீட்டினார். எதற்கென்று நானா கேட்டார். என்னால்தான் சொல்ல முடிந்தது. வாட்டில் ராத்தா சீட்டில் சேர்ந்தது, கோட் வாங்க ஆசைப்பட்டது, பெயர் கடைசியில் வந்தது, எல்லாம் சொன்னேன். நானா உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார். “டொக்டர் புள்ள வந்து சொல்லிட்டுப் போச்சு தலைவரே. அவவுக்கு விழுந்தது மருந்துதான்.”

எங்கள் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். என் நோய்க்காக டொக்டர் முன்னால் நின்ற அதே நிலை.

“நிறுத்தாட்டி இருந்திருப்பாவான்னு நானும் கேட்டேன்” என்றார் நானா. “இருந்திருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, இருந்திருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாதுன்னு சொல்லிச்சு. அல்லாவுக்குத்தான் தெரியும்.”

பள்ளிப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நானா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், எங்களை ஒரு தரம் பார்த்தார். பாதி இறங்கியிருந்த கதவை இரண்டு கையாலும் மேலே தள்ளிவிட்டார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஸ்டூலை இழுத்து முன்னால் வைத்தார்.

“ஒக்காருங்க தலைவரே. நான் தொழுதுட்டு வாறேன். அது வரைக்கும் கடையப் பார்த்துக்கிங்க.”

உறையைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கொத்தமல்லி மூட்டைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. ராத்தா ஆயுசு பூராவும் இழுத்த மூச்சு இதுதான் என்று நினைத்தேன்.

கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கல்லாவில் புது ஆளைக் கண்டதும் தயங்கினாள்.

“கடை தொறந்திருக்குங்களா?”

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“தொறந்துதாங்க இருக்கு. உள்ள வாங்க.”